துடக்கு வீட்டு மோட்டர்

"கையத்தானே ஒடச்சீங்க? வாயையும் ஒடச்சிட்டுப் போங்க! அத மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கீங்க?"

"இஞ்சை பார், கேற்றிலை தட்டாதை. பெயின்ற் அடிச்சு ஒரு மாசமும் ஆகேல்லை."

"பெயின்டா? எம்புள்ளக்கி எலும்பு வெளிய தெரியுதுய்யா. ஒங்களுக்குப் பெயின்டு தெரியுது."

"ஏர்னெஸ்ட், உள்ளை வாங்கோ. உதுகளோடை என்ன கதை? அதுவும் ஞாயிற்றுக்கிழமையிலை."

"உதுகளா? யாரும்மா உதுக? பேரச் சொல்லிக் கூப்புடுங்க. கெணறு எறைக்கக் கூப்புட்டப்ப பேரு தெரிஞ்சிச்சில்ல?"

கொக்குவிலில் ரயில் பாதையோடு போய் முட்டி நிற்கிற அந்தக் குறுகலான ஒழுங்கைத் தெருவில், ஆராதனை முடிந்து சனம் வீடு திரும்புகிற நேரம் அது. ஏர்னெஸ்ட் மாஸ்ரர் வீட்டு இரும்புக் கேற்றுக்கு வெளியே நின்று கத்தியவள் பூங்காவனம். உள்ளே நின்று பெயின்றைக் காப்பாற்றியவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்த மாஸ்ரர். அவருக்குப் பின்னால், நெஞ்சோடு வேதப் புத்தகத்தை அணைத்தபடி, வெயில் கண்ணாடியைக் கழற்றாமல் அவரை உள்ளே கூப்பிட்டவர் அவருடைய மனைவி ஐரிஸ்.

எதிர்வீட்டுப் படலை வாசலில் அற்புதராணி தேசிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கன்று பட்டுப்போய் ஒரு வருடமாகிறது. ஆனாலும் ஒழுங்கையில் யாராவது உரத்துக் கதைத்தால் அதற்குத் தண்ணீர் கிடைத்துவிடும்.

அற்புதராணியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மற்றவர்களைப் பற்றிச் சொல்லத்தான் அவளிடம் அதிகம் இருக்கும். புருஷன் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளராக இருந்து செத்துப்போனவர். ஒரே மகள் ஷரோன், தனியார் மருத்துவ நிலையம் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். யார் வீட்டுக்கு யார் வந்தார், பையோடு போனவர் பையில்லாமல் வந்தாரா, எந்த வீட்டுக் குசினியில் வெள்ளிக்கிழமையும் மீன் பொரிகிறது, எல்லாம் அவள் கணக்கில் இருக்கும். ஒழுங்கையில் அவளுக்குப் பெயர் 'கமரா'. அந்தப் பெயரை வைத்தவன் பூங்காவனத்தின் மகன் யோகராஜ்தான். ஒருநாள் அவளுடைய கிணற்றை இறைத்துவிட்டுப் போகையில், "கமரா அம்மா, ரெக்கார்டிங் ஓடுதா?" என்று கேட்டான். அவளுக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குள் போய்க் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துச் சிரித்துக்கொண்டாள் என்பதும் உண்மை.

ஆனால் அன்றைக்குக் கமராவின் வாளி கோணலாகச் சரிந்தது. தண்ணீர் கன்றில் விழாமல் காலில் விழுந்தது. ஏனென்றால், மாஸ்ரர் வீட்டுத் தண்ணீர் மோட்டர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

*

நடந்தது இதுதான்.

மாஸ்ரரும் ஐரிசும் கொழும்பில் மூத்த மகன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். இரண்டு கிழமை நிற்கப் போனவர்கள். வீட்டில் இளைய மகன் றொஷான் தனியே. வங்கியில் வேலை. சப்பாத்து எப்போதும் பளபளக்கும், வாய் எப்போதாவதுதான் திறக்கும்.

அந்த நேரம் பார்த்து, மாஸ்ரர் வளவுக்குப் பின்வேலியோடு இருக்கிற சீவரத்தினம் கண்ணை மூடினார். வெங்காயமும் புகையிலையும் செய்த மனிசன், நல்ல சாவுதான். ஆனால் செத்த வீடென்றால் தண்ணீர் ஆறாக ஓடவேண்டும். அவர்கள் வீட்டு மோட்டரோ அன்று காலையிலேயே புகைந்து எரிந்துபோயிற்று. சீவரத்தினத்தின் மகன் செந்தூரன், றொஷானோடு ஒன்றாகப் பந்தடித்து வளர்ந்தவன். வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் வந்து கேட்டான். றொஷான் தகப்பனுக்குச் சொல்லாமல் மோட்டரைக் கழற்றிக் கொடுத்தான். சொன்னால் கிடைக்காது. ஏர்னெஸ்ட் மாஸ்ரர் வாசித்து முடித்த பேப்பரையே இரவல் கொடாதவர். வாளி, மண்வெட்டி, குடை எல்லாவற்றிலும் பச்சைப் பெயின்றால் தன் முதலெழுத்தை எழுதி வைத்திருப்பவர். இரண்டு பொடியன்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மோட்டரைப் பொட்டுக்குள்ளால் கொண்டுபோனதை, மாஸ்ரர் வளவுக்குள் கருவேப்பிலை பறிக்கப் போன அற்புதராணி வடிவாகப் பார்த்தாள்.

தாயும் தகப்பனும் வருமுன் திருப்பி எடுத்துவிடலாம் என்பது றொஷானின் எண்ணம். செந்தூரனின் தாய் குணலட்சுமியின் எண்ணம் வேறு. சாவுத் தீட்டுள்ள துடக்கு வீட்டுக்குள் வந்த சாமான் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, துடக்குக் கழிந்த பிறகுதான் படி தாண்ட வேண்டும். தந்தவர்களுக்குத் துடக்கையும் சேர்த்துக் கட்டி அனுப்புவதா? அது மரியாதையா? அவள் மோட்டரைத் துடைத்து, மேலே சாக்குப் போட்டு, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

இதற்கிடையில் கொழும்பில் மாஸ்ரருக்கும் மருமகளுக்கும் சோற்றில் உப்புப் போடுவது பற்றி ஒரு கருத்து வேறுபாடு. இரண்டு கிழமை ஒரு கிழமையாயிற்று. சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கிவிட்டார்கள். றொஷான் வீட்டில் இல்லை. கிரிக்கெட் என்று அரியாலைப் பக்கம் போயிருந்தான். கைத்தொலைபேசியும் நிறுத்தி வைத்திருந்தது. ஐரிஸ் குளிக்கப் போய்க் குழாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. கிணற்றடிக்குப் போனால் மோட்டர் இருந்த இடத்தில் நாலு ஆணி.

மாஸ்ரர் மகனைத் தேடவில்லை. பொலிசைத் தேடினார்.

*

ஜீப்பில் வந்தது ஒரு சார்ஜனும் ஒரு கொன்ஸ்ரபிளும். சார்ஜன் சிங்களவர். கொன்ஸ்ரபிள் நம்மவர், அதாவது, அன்று மத்தியானம் வரையில் நம்மவர்.

"யார்லை மாஸ்ரர் சந்தேகம்?" என்று கொன்ஸ்ரபிள் கேட்டார்.

"நான் ஒருத்தரையும் குற்றம் சொல்ல மாட்டன். அது என்ரை பழக்கமில்லை. ஆனால் உந்த றெயில் றோட்டுக் கரையிலை புதுசாய் வந்து குந்தியிருக்கிற ஆக்கள் இருக்கினமெல்லோ? அதிலை ஒருத்தன் போன மாசம் வந்து கிணறு இறைச்சவன். மோட்டரைக் கழட்டிப் பூட்டினதும் அவன்தான்."

புதிதாக வந்த பூங்காவனம் வந்து பதினொரு வருடம். முப்பது வருடத்துக்கு முன் கனடா போன மாஸ்ரரின் மைத்துனர் இன்றைக்கும் 'எங்கடை ஒழுங்கை ஆள்'. ஒழுங்கையின் கலண்டர் அப்படி.

இதற்கு முன்னும் அந்த ஒழுங்கையில் மோட்டர் காணாமல் போனதுண்டு. போன வருடம் றோய் வீட்டு மோட்டரைக் கழற்றி விற்றது றோயின் சொந்த மருமகன். அப்போது யாரும் பொலிசுக்குப் போகவில்லை. "பொடியனுக்குச் சகவாசம் சரியில்லை" என்று சொல்லி, சபையில் அவனுக்காக ஜெபித்தார்கள்.

யோகராஜைக் கொண்டுவந்தார்கள். வீட்டு வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன், கையில் ஒட்டுப் பசையோடு வந்தான். இருபது வயது. மெலிந்த உடம்பு, கிணற்றுக்குள் இறங்குகிறவனுக்கு வேறு உடம்பு வாய்க்காது.

"ஊர் எது?"

"இங்கதான் சார்."

"அதுக்கு முன்னம்?"

"கிளிநொச்சி."

"அதுக்கும் முன்னம்?"

யோகராஜ் கையில் ஒட்டிய பசையைத் தேய்த்தான். "நான் பொறந்ததே கிளிநொச்சி சார். தாத்தாவுக்குத்தான் நாவலப்பிட்டி."

"ஆ, தேயிலைத் தோட்டம்," என்றார் கொன்ஸ்ரபிள், களவு நிரூபணமானது போல. பிறகு சார்ஜனுக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சார்ஜன் தலையை ஆட்டினார்.

"மோட்டர் எங்கே?"

"எந்த மோட்டர் சார்?"

கேட்டது அவ்வளவுதான். முதல் அடி கன்னத்தில். இரண்டாவதுக்குச் சார்ஜன் பொல்லுத்தடியை எடுத்தார். யோகராஜ் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான். பொல்லு மணிக்கட்டில் இறங்கிய சத்தம், காய்ந்த பாளையை முழங்காலில் வைத்து முறிக்கிற மாதிரி, எதிர்ப் படலை வரை கேட்டது. விழுந்தவனுக்குச் சப்பாத்துக் காலால் இன்னும் சில. முகத்தை மறைக்கத் தூக்கிய கையை, அடிக்கத் தூக்கிய கை என்று பிறகு பொலிஸ் எழுதிக்கொண்டது.

"ஐயோ, கவனம்," என்று ஐரிஸ் ஓடி வந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மதிலோரம் இருந்த குரோட்டன் சட்டியைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அற்புதராணி வாயைத் திறந்தாள். திறந்த வாயைக் கையால் மூடிக்கொண்டாள். மாஸ்ரரின் மகன் இரவலாகக் கொடுத்த மோட்டர். மாஸ்ரரின் மகன் என்றால் றொஷான். றொஷான் என்றால் ஷரோனுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை. பேச்சு முற்றாகி, நிச்சயதார்த்தம் மட்டும் பாக்கி. ஆய்வுகூட உதவியாளரின் மகள் உப அதிபர் வீட்டுக்கு மருமகளாகப் போவதென்பது சும்மா காரியமில்லை. அதற்காக அற்புதராணி எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஐரிசின் சேலையைப் புகழ்ந்திருப்பாள்!

'பின்னேரம் பொடியன் வருவான்தானே, வந்து தகப்பனுக்குச் சொல்லுவான்தானே' என்று நினைத்தாள். பின்னேரம் பொடியன் வந்தான். உள்ளே போனான். மின்விசிறி போடுகிற சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள்தான் பூங்காவனம் கேற்றடியில் வந்து கத்தினாள். மாஸ்ரருக்குப் பின்னால் யன்னல் திரை கொஞ்சம் அசைந்தது. திரைக்குக் கீழே பளபளத்தது றொஷானின் சப்பாத்து.

*

திங்கட்கிழமை அற்புதராணி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சபையில் ஒரு பெண்ணுக்குப் பித்தப்பையில் கல். அதைப் பார்க்கத்தான் போனாள். கல் மூன்றாம் மாடியில் இருந்தது. அவளுடைய கால் இரண்டாம் மாடியில் நின்றுவிட்டது.

யோகராஜ் யன்னலோரக் கட்டிலில் கிடந்தான். வலக்கை முழங்கை வரை மாவுக்கட்டு. இடக்கையைக் கட்டில் சட்டத்தோடு விலங்கு போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் கதிரையில் இருந்து கைத்தொலைபேசியில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். யோகராஜின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண் அவளைக் கண்டுபிடித்தது.

"கமரா அம்மாவா? வாங்க."

"என்னடா தம்பி, எப்பிடிக் கிடக்கு?"

"நீதவான் வந்து பாத்துட்டுப் போனாரு. ஆஸ்பத்திரியில விட்டதும் மறியல் ஜெயிலாம். அந்தக் காது கேக்கல, இந்தப் பக்கமா வந்து பேசுங்க." அவள் மறுபக்கம் போனாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாரு வீட்டையும் பாப்பீங்க. அன்னிக்கு மட்டும் கரண்டு இல்லையா அம்மா?"

பகிடியாகத்தான் கேட்டான். உதடு வெடித்திருந்ததால் சிரிக்க வரவில்லை. கொண்டுபோன தோடம்பழப் பையை அவன் காலடியில் வைத்தாள். இரண்டு கையும் அகப்பட்டுக் கிடக்கிறவன் தோடம்பழத்தை எப்படி உரிப்பான் என்பது படியிறங்குகிறபோதுதான் உறைத்தது. திரும்பி ஏறிப் போனாள். உரித்தாள். ஒவ்வொரு சுளையாகக் கொடுத்தாள். பித்தப்பைக் கல்லைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்தாள்.

ஷரோன் வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது தாய் எல்லாவற்றையும் சொன்னாள். வேலிப் பொட்டு, இரண்டு பொடியன்கள், மோட்டர், கருவேப்பிலை.

"எப்ப கண்டனீங்கள்?"

"செத்த வீட்டண்டைக்கே."

"பொடியனை அடிச்சு மூண்டு நாளா அது உங்கடை வயித்துக்குள்ளையே இருக்குதோ? நீங்களோ?"

"உனக்காகத்தானடி."

ஷரோன் கோப்பையைக் கீழே வைத்தாள். "அம்மா, ஒரு மோட்டருக்கு வாய் திறக்காதவர், நாளைக்கு எனக்கு ஒண்டெண்டால் திறப்பாரோ?"

"விசர்க் கதை கதையாதை. நான் சொன்னா உந்தச் சம்பந்தம் போச்சு. ஐரிஸ் அக்கா பிறகு எங்கடை படலையைத் திரும்பியும் பாக்கமாட்டா. உனக்கும் வயது இருபத்தெட்டாகுது."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி அவன் மறியலுக்குப் போவான்."

"பிறகென்ன, கணக்குச் சரிதானே. என்ரை கலியாணத்துக்கு அவன்ரை கை." ஷரோன் எழுந்து போய்க் கோப்பையைக் கழுவினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினாள்.

*

செவ்வாய்க்கிழமை சீவரத்தினத்தின் எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்த கறிகளெல்லாம் காய்ச்சிப் படைத்து, சொந்தம் அயல் எல்லாம் கூடுகிற நாள். வேதக்காரர், சபைக்குப் போகிறவர்கள் என்றாலும் ஒழுங்கையே போனது. ஏர்னெஸ்ட் மாஸ்ரர் முன்பந்தலில் நல்ல கதிரையொன்றில் இருந்து, நாட்டில் ஒழுக்கம் குறைந்துபோனதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். ஐரிஸ் உள்ளே பெண்களோடு. றொஷான், சிநேகிதன் வீடென்பதால், தட்டத்தில் தேத்தண்ணி தூக்கித் திரிந்தான்.

அந்த வீட்டில் மோட்டரைப் பற்றி ஏன் ஒருவரும் கதைக்கவில்லை என்று கேட்கலாம். அதுவும் ஒழுங்கையின் கைவேலைதான். மோட்டர் களவு என்று மாஸ்ரர் கேற்றடியில் புறப்பட்ட செய்தி, றோய் வீட்டில் மோட்டரும் காசும் ஆயிற்று. அடுத்த வீட்டில் காசும் சங்கிலியும் ஆயிற்று. சுற்றி வளைத்துப் பின்வேலி வீட்டுக்கு வந்து சேருகையில் நகை மட்டும்தான் மிஞ்சியிருந்தது. துடக்கோடு வீட்டுக்குள் இருந்த குணலட்சுமி, "ஐயோ, ஐரிசின்ரை அட்டியலோ?" என்று இரக்கப்பட்டாள். செந்தூரனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அந்தியேட்டி வரைக்கும் பொறு என்று றொஷான் அவன் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தான். மழித்த தலையோடு அவன் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் திரிந்தான். தகப்பனை இழந்த துக்கம் என்று சனம் சொன்னது.

சாப்பாடு முடிந்தது. சாப்பிட்டவர்கள் கை கழுவக் கிணற்றடிக்குப் போகவேண்டும். சின்ன ஓலைக் கொட்டிலுக்குள் மோட்டர் உறுமிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் குதித்துக் கொட்டியது. ஏர்னெஸ்ட் மாஸ்ரர் வந்தார். சவர்க்காரம் போட்டு இரண்டு கையையும் முழங்கை வரை கழுவினார். பிலாத்து கை கழுவிய கதையை ஞாயிறு பாடசாலையில் முப்பது வருடம் படிப்பித்தவர் அவர்.

அற்புதராணி பின்னால் வந்து நின்றாள். தூரத்தில் வாழையடியில் நின்ற ஷரோனை ஒருதரம் பார்த்தாள். ஷரோன் பார்வையை எடுக்கவில்லை. அற்புதராணி குரலைத் திறந்தாள். அந்தக் குரல் ஒழுங்கையின் இரண்டு முனைக்கும் கேட்கும் என்பது உலகம் அறிந்தது.

"குணமக்கா! மோட்டர் நல்லா இழுக்குது. புதுசே? ஆரின்ரை?"

செந்தூரன் பாய்ந்து சுவிச்சை அமத்தினான். உறுமல் நின்றது. அதுவரை மோட்டர்ச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைத்தவர்கள் எல்லோரும் சட்டென்று வாயை மூடினார்கள். குசினி வாசலில் வந்து நின்ற குணலட்சுமியின் பதில், அந்த அமைதியில், பிரசங்க மேடையில் இருந்து வந்தது போலக் கேட்டது.

"புதுசில்லை ராணி. எங்கடையது எரிஞ்சு போச்சு. மாஸ்ரர் வீட்டையிருந்து றொஷான் தம்பி தந்தவர், நல்ல பிள்ளை. அண்டைக்கே அனுப்பியிருப்பன். துடக்கு வீட்டுச் சாமானை முப்பத்தொண்டு கழியாமல் எப்பிடி அனுப்புறது? அவை வேதக்காரர், பாக்கமாட்டினம். ஆனால் நாங்கள் பாக்கவேணுமெல்லோ?"

மாஸ்ரர் ஈரக்கையோடு குனிந்து கொட்டிலுக்குள் பார்த்தார். சாக்குக்குக் கீழே பச்சை எழுத்து.

"றொஷான்?"

றொஷான் தட்டத்தோடு நின்றான். தேத்தண்ணிக் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிச் சிணுங்கின.

"சொல்லத்தான் இருந்தனான் அப்பா."

"எப்ப தம்பி?" என்றாள் அற்புதராணி. "முப்பத்தொண்டுக்குப் பிறகோ?"

யாரோ பின்னால் இருமினார்கள். குணலட்சுமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "என்ன நடந்தது? களவு போனது நகை எண்டெல்லோ சொன்னவை? அப்ப அந்தப் பொடியனைப் பிடிச்சது?" அவளுக்கே விளங்கியது. வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டாள். "என்ரை துடக்காலையோ?" என்று மட்டும் கேட்டாள்.

மாஸ்ரர் தொண்டையைச் செருமினார். பள்ளிக்கூடத்து மேடைக் குரலை வரவழைத்தார். "சரி, சரி. இது எங்கடை குடும்ப விஷயம். நான் பொலிசிலை போய், ஞாபக மறதியிலை நடந்த பிழை எண்டு சொல்லி வழக்கை எடுப்பிக்கிறன். இதை ஒருத்தரும் பெருசாக்கத் தேவையில்லை."

"மறதியோ மாஸ்ரர்?" அற்புதராணியின் குரல் இப்போது தணிந்திருந்தது, அதனாலேயே எல்லோரும் கிட்ட வந்தார்கள். "எங்கடை பிள்ளை எடுத்தா மறதி. யோகராஜ் எடுக்காட்டிலும் களவு. அவன்ரை கையை என்னண்டு எழுதப்போறியள்? அதுவும் மறதியோ?"

ஐரிஸ் முன்னுக்கு வந்தாள். அற்புதராணியின் கையைப் பிடித்து மெல்ல, சிரித்த முகத்தோடு, ஆனால் நகம் பதிய அழுத்திச் சொன்னாள். "ராணி, நாங்கள் சம்பந்தம் பேசி வைச்சிருக்கிற ஆக்கள்."

"ஓம் அக்கா. அதுக்காகத்தான் மூண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தனான். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் எண்டு இந்த ஒழுங்கைக்கே தெரியும்." கையை விடுவித்துக்கொண்டாள். "பொடியள் மோட்டரைக் கொண்டுபோனதையும் கண்டனான். உங்கடை மதிலடியிலை அவனை அடிச்சதையும் கண்டனான். அவன் கை ஓங்கேல்லை. முகத்தை மறைச்சவன். அதை எங்கை கேட்டாலும் சொல்லுவன். கோட்டிலையும் சொல்லுவன்."

வாழையடியில் ஷரோன் செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாங்கோ அம்மா, போவம்" என்றாள்.

*

களவு வழக்கு இல்லாமல் போயிற்று. யோகராஜின் இடக்கை விலங்கைக் கழற்றினார்கள். வலக்கை கொஞ்சம் கோணலாகப் பொருந்தியது. கயிறு பிடித்துக் கிணற்றில் இறங்க அது இனி உதவாது. ஒரு காது திரும்பி வரவில்லை. அடித்ததைப் பற்றிய விசாரணையில் அற்புதராணி இரண்டு தடவை போய்ச் சாட்சி சொன்னாள். இரண்டாம் தடவை அவளை நிறுத்தச் சொல்லவேண்டி வந்தது. சார்ஜனைப் பற்றித் தொடங்கி, மாஸ்ரரின் மருமகள் போட்ட உப்பு வரைக்கும் போய்விட்டாள். விசாரணை இன்னும் நடக்கிறது என்கிறார்கள். சார்ஜன் இடமாற்றமாகித் தெற்கே போனார், ஒரு படி உயர்ந்து. கொன்ஸ்ரபிள் இங்கேதான் இருக்கிறார். ஒழுங்கைக்குள் வந்தால் அற்புதராணி படலையில் நிற்காத நேரம் பார்த்து வருவார். அப்படியொரு நேரம் அபூர்வம்.

அந்தியேட்டி முடிந்து கீரிமலையில் தீர்த்தமாடி வந்த அடுத்த நாள், குணலட்சுமி மோட்டரைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒரு வாழைக்குலையோடு மாஸ்ரர் வீட்டுக்கு அனுப்பினாள். வாழைக்குலையை ஐரிஸ் எடுத்துக்கொண்டாள். துடக்கில் நம்பிக்கையில்லாத வீடுதான். ஆனாலும் போதகரைக் கூப்பிட்டுக் கிணற்றடியில் ஒரு ஜெபம் வைத்த பிறகே சுவிச்சைப் போட்டார்கள். குணலட்சுமி மட்டும் ஒருநாள் பின்னேரம், குடையைப் பிடித்துக்கொண்டு, ரயில் பாதைக் கரைக்கு நடந்து போனாள். பூங்காவனத்தின் வாசலில் வெகுநேரம் இருந்தாள். என்ன கதைத்தார்கள் என்று அற்புதராணிக்கே தெரியாது.

நிச்சயதார்த்தத்தைப் பற்றி ஐரிஸ் போதகர் மூலமாகச் சொல்லியனுப்பினாள்: ஜெபித்துப் பார்த்தார்களாம், கர்த்தர் வழி திறக்கவில்லையாம். ஆறு மாதம் கழித்துக் கர்த்தர் அரியாலைப் பக்கம் வழி திறந்தார். பெண் நிமலினி. றொஷான் கிரிக்கெட் என்று போன சனிக்கிழமைகளெல்லாம் எந்த மைதானத்துக்கு என்று அப்போதுதான் வெளியே வந்தது. ஒழுங்கையில் கத்தரிக்காய் பொரிகிற மணத்தைக்கூடத் தவறவிடாத அற்புதராணி, சொந்த மருமகனாக வரவிருந்தவன் இரண்டு வருடமாக எங்கே போய் வந்தான் என்று அறியாமல் இருந்திருக்கிறாள். அதைக் கேட்டதும் அன்று முழுவதும் படலைக்கு வரவில்லை. கலியாணம் போனதைவிட அதுதான் அவளைச் சுட்டது. றொஷானும் நிமலினியும் இப்போது கனடாவில். மாஸ்ரர் கேற்றுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு மனைவியோடு கொழும்புக்கே போய்விட்டார். சோற்றுக்கு இப்போது யார் உப்புப் போடுகிறார்கள் என்று சரியான தகவல் இல்லை.

ஷரோன் மட்டக்களப்பிலிருந்து வந்த நில அளவையாளர் ஒருவரைக் கட்டினாள். நிறையக் கதைக்கிற மனிசன். மாமியாருக்கே இடையில் புகச் சந்தர்ப்பம் கொடான். போன மாதம் அவர்களும் மட்டக்களப்புக்குப் போனார்கள்.

யோகராஜும் தாயும் அதற்கு முன்னமே கிளிநொச்சிக்குத் திரும்பிப் போனார்கள். ஒரு சின்ன லொறியில் சாமான். மேலே அந்தச் சைக்கிள். எதிர்ப் படலையில் அற்புதராணி பட்ட தேசிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். லொறி கிட்ட வந்ததும் யோகராஜ் இடக்கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"வாறோம் கமரா அம்மா."

"போட்டு வாடா தம்பி. கவனம்."

கேளாத காது அவள் பக்கமாக இருந்தது. ஆனாலும் அவன் தலையை ஆட்டினான்.

இப்போது அந்த ஒழுங்கைக் கிணறுகளை இறைக்க வேறொரு பொடியன் வருகிறான். வந்த முதல் நாளே றோய் அவனை மறித்து, ஊர் எது என்று கேட்டார். சொன்னான். அதற்கு முன்னம் எது என்று கேட்க றோய் வாயைத் திறந்தார். எதிர்ப் படலையில் வாளிச் சத்தம் கேட்டது. திறந்த வாயால் கொட்டாவி ஒன்று விட்டுவிட்டு உள்ளே போனார்.